நாயைத் தொடாமலே பழக்கிய ஃபாரிஸ் நானா

கைட்டுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பின் சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். புஸ்... புஸ்... என்று. பிறகு, கடலில் பலகைமேல் நிற்கிறவரை இழுத்துப்போகும் அந்தப் பெரிய பட்டத்தின் துணி வாடைக் காற்றில் படபடவென்று அடிக்கும். அதோடு பிரவுணி குரைக்கத் தொடங்கும்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். ஆலங்குடா கடற்கரையில் புதிதாக வந்த சின்ன ஹோட்டல் ஒன்றில் ரிசெப்ஷனில் இருந்தேன். என் முதல் வேலை. மாம்புரியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

பிரவுணி ஹோட்டல் நாய். கட்டட வேலை நடந்தபோதே வந்து ஒட்டிக்கொண்டதாம். மனிதர்களோடு ஒரு பிரச்சினையும் இல்லை. கைட் எழும்பினால் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். காவலுக்கு நின்ற அந்தோனி அண்ணன் தடியால் அடிப்பார். அடுத்த நாள் இன்னும் மோசமாகக் குரைக்கும்.

ஒரு நாள், கைட்டோடு கரையேறிய வெள்ளைக்காரப் பெண்ணின் காலைக் கவ்விவிட்டது. பெரிய காயமில்லை. ஆனாலும் ஊசி போட அவரைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது.

அன்று பின்னேரம் முதலாளி, போட் ஓட்டும் ஃபாரிஸ் நானாவைக் கூப்பிட்டார்.

"இத போட்ல ஏத்தி உச்சமுனைத் தீவுப் பக்கம் விட்டுட்டு வா."

ஃபாரிஸ் நானா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். காலையில் டொல்பின் பார்க்க ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போவார். வந்தபிறகு அவ்வளவாக வேலையில்லை.

"அங்க விட்டா பட்டினி கிடந்து சாகும் சேர். சீசன் முடியுற வரைக்கும் பாப்பம். சரிவராட்டி நானே கொண்டு போறன்."

முதலாளி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாயைக் கட்டி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால்... ஃபாரிஸ் நானா நாயைத் தொடமாட்டார். எச்சில் பட்டால் தொழ முன்பு முறைப்படி கழுவ வேண்டும். ஆகவே கயிறு என் கையில், அவித்த மீன் அவர் கையில்.

தூரத்தில் தென்னை மரங்களுக்குள் நிற்போம். பம்ப் சத்தம் கேட்டதும் ஒரு துண்டு மீனை எறிவார். சத்தம் நின்றால் மீனும் நின்றுவிடும். பிரவுணி குரைத்தாலும் ஏசமாட்டார். "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வாங்க தங்கச்சி" என்பார்.

"குரைக்கிற நாய்க்கு விருந்தா?" என்று அந்தோனி அண்ணன் சிரித்தார்.

"அது பயத்துல குரைக்கிது. நீங்க அடிச்சா, கைட் வந்தா அடி விழும் எண்டுதான் அதுக்கு விளங்கும். மீன் வரும் எண்டு விளங்கட்டுமே."

இதையெல்லாம் எங்கே படித்தார் என்று கேட்டேன்.

"எங்கயும் படிக்கல்ல. மன்னாரால வந்த புதுசுல ஹெலிகொப்டர் சத்தம் கேட்டா என்ட மகள் கட்டிலுக்குக் கீழ ஓடிரும். ஏசி என்ன செய்ய? சத்தம் வந்தா ஒரு டொபி குடுத்தன். பிறகு சத்தம் கேட்டா என்னத் தேடி வரும்."

மீனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

நாளாக நாளாகக் கரைக்குக் கிட்டப் போனோம். இடையில் ஒரு தரம் அந்தோனி அண்ணன் மறுபடி அடித்துவிட்டார். பிரவுணி பதுங்கிய மூலையைவிட்டு மீனுக்குக்கூட வெளியே வரவில்லை. ஃபாரிஸ் நானா சண்டை போடவில்லை. தடியை வாங்கித் தன் போட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். திரும்பவும் தென்னை மரங்களுக்குள்ளிருந்து தொடங்கினோம்.

சீசன் முடிகிற நேரம் முதலாளி பார்க்க வந்தார். பக்கத்திலேயே ஒரு கைட் எழும்பியது. பிரவுணியின் காது நிமிர்ந்தது. என் கையில் கயிறு இறுகியது...

பிறகு தளர்ந்தது. பிரவுணி கைட்டைவிட்டு ஃபாரிஸ் நானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சரி, கிடக்கட்டும்" என்றார் முதலாளி.

அடுத்த வருடம் ஃபாரிஸ் நானா குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிவிட்டார். நான் கல்யாணம் முடித்து சிலாபம் வந்தேன். பிரவுணி வயதாகி அந்தக் கடற்கரையிலேயே செத்ததாகக் கேள்வி.

இப்போது நாய் பழக்குகிறவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அதற்கென்றே பைக்கற்றில் பிஸ்கட் விற்கிறார்கள். எங்கள் நாய்க்குட்டி இடிக்குப் பயப்படுகிறது என்று போன மாதம் அப்படிப் பழக்குகிற ஒரு இளம் பிள்ளையை வரவழைத்தோம். போனில் இடிச் சத்தத்தை மெதுவாகப் போட்டு, பிஸ்கட் கொடுத்து, பொறுமையாகச் சொல்லித்தந்தார். அவர் சொல்ல முன்பே நான் குட்டியைப் பின்னுக்குக் கூட்டிப்போனதைக் கவனித்துவிட்டார்.

"அக்கா, இதுக்கு முதல் யாரிட்டயும் இதப் பழகினீங்களா?"

"ஓம். ஆலங்குடாவில ஒரு போட்காரரிட்ட."

அந்தப் பிள்ளை சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார்.