தாய்மரமும் வாழைநாரும்

அம்மாவிடமிருந்து என்னை அரிவாளால் அறுத்துப் பிரிக்கப்போகிறார்கள் என்று ஏழு வயதில் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள், ஆதாரம் இருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரி போகிற சாலையில், எங்கள் புஞ்சை ஓரம் ஒரு மாமரம். பஸ்காரர்களுக்கு அதுதான் ஸ்டாப். கிணறு வற்றின வருஷங்களிலும் அது காய்த்துத் தள்ளியது. அந்த வித்தையைக் கண்டுபிடிக்க சர்க்கார் பண்ணையிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, சட்டிகளில் மாங்கன்றுகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு கிளையோடு சேர்த்து வாழைநாரால் கட்டினார்கள். ஒட்டிக்கொண்டதும் கிளையை அறுத்துப் பண்ணைக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் பாஷையில் மரம் தாய், சட்டியில் இருப்பது பிள்ளை. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அம்மா அப்போது காச இருமலோடு பின்கட்டில் தனியாகக் கிடந்தாள். நானும் தங்கச்சியும் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

ஒருநாள் பரணடியில் நார் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசர் அப்பாவிடம் சொன்னார்: "உள்ளுக்குள்ள அரிச்சிட்டு, அண்ணாச்சி. தாய் இனித் தாங்காது. பிள்ளைகளச் சீக்கிரம் அறுத்துப் பிரிச்சிரணும்."

"ஒண்ணுமே செய்ய முடியாதா சார்?" என்ற அப்பா, வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் ஓடின ஓட்டத்தில் டவுசர் பாதி வழியில் கழன்றது. எடுக்க நிற்கவில்லை. அம்மணமாய்ப் பின்கட்டில் புகுந்து, என் கையை அம்மா கையோடு சேர்த்து, ஆபீசர் கட்டுகிற மாதிரியே சுற்றிச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"என்னலே இது?"

"ஒட்டிக்கிட்டம்னா பிரிக்க முடியாதுல்லா?"

"கோட்டிக்காரப் பயலே, ஒட்டின பொறவுதானலே பிரிப்பாங்க?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்துதான் நாரை அறுத்தார். அரிவாளால்தான்.

மறுநாள் என்னையும் தங்கச்சியையும் சிவகிரி அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாமரத்தடியில்தான் பஸ் ஏறினோம்.

ஆபீசர் சொன்னது மரத்தை. அப்பா கேட்டது மரத்தைப் பற்றி இல்லை. மரம் பிழைத்துக்கொண்டது; அதன் பிள்ளைகள் பண்ணையில் காய்த்தன. அம்மா அந்தப் பங்குனியில் இறந்துபோனாள்.