எமிலிடம் யாரும் பேசாத நாள்

எமில் ஹ்ரப்கா பதினெட்டு வயதில் எங்கள் தேவாலயப் படியில் நின்றபடியே கல்லெறிந்து, பாதிரியார் வீட்டுக் கொடியில் காயும் காலுறைகளை ஒவ்வொன்றாக விழ வைப்பான். படிக்கும் கொடிக்கும் இருநூறு அடி. நூற்றைம்பதுதான் என்று சாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் அன்று அங்கே இல்லை. நானும்தான் இல்லை. ஆனால் காலுறை பாதிரியாருடையது என்பது உறுதி.

பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் எங்கள் டார்ன்ஹில் சின்னது. இங்கே பிறந்த பையன்கள் பேஸ்பால் ஆடி வெளியேறப் பார்ப்பார்கள். முடியாதபோது சுரங்கத்தில் இறங்குவார்கள். என் கணவர் கஸ் இறங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊர் அணியின் கேட்சர்: அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து எமில் வீசும் பந்தைக் கையுறையில் வாங்குவார். திங்கட்கிழமை அவரால் கரண்டி பிடிக்க முடியாது. "இந்தப் பய என் கையை ஒடிக்காம விடமாட்டான்" என்பார், ஏதோ மகனுக்குப் பரிசு கிடைத்தது போல.

1954 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. பெரிய அணி ஒன்றுக்கு ஆள் தேடுகிறவர் வைக்கோல் தொப்பியோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவர் யாரென்று எமிலுக்குத் தெரியும். அவர் தலையாட்டினால் அவன் சுரங்கத்தில் இறங்கவே வேண்டாம். அவனுடைய அப்பா இறங்கியவர், இன்னும் மேலே வரவில்லை.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தது. எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்து முதல் மூலைவரைகூட ஓடிச் சேரவில்லை. அந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் வீசியவன் பெயர் ஊர் உள்ளவரை நிற்கும். ஆகவே அதுவரை அவனிடம் யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. பேசினால் ராசி போய்விடும். கடவுளைச் சந்தேகிப்பவர்கள்கூட எங்கள் ஊரில் இதைச் சந்தேகித்ததில்லை.

எமில் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்தான். மற்ற எல்லோரும் மறுகோடியில் கோழிகள் போல நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அவன் வலது முழங்கையைக் குடிதண்ணீர் வாளிக்குள் விட்டான். நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் நடுவில் போய் அவனை நக்கலடித்துவிட்டு வருகிற கஸ், அன்று தன் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

கடைசி ஆளும் அடிக்காமல் திரும்பினான். எல்லோரும் ஓடிப்போய் எமிலைத் தோளில் தூக்கினார்கள். அவன் அலறினான். அத்தனை பேரும் அலறியதில் அவனுடையது தனியாகக் கேட்கவில்லை.

அன்றிரவு கஸ் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை.

"ஆறாவதுலயே அவன் கை தொங்கிடுச்சு இர்மா."

"என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"எப்படிக் கேக்கறது? ஆட்டம் போயிடும்."

"போகட்டுமே. ஆட்டம்தானே."

"பள்ளிக்கூடத்துல லத்தீன் வரைக்கும் படிச்சவளுக்கு இதெல்லாம் புரியாது, விடு."

வைக்கோல் தொப்பிக்காரரின் கடிதம் வந்தது. மார்ச்சில் எமில் ஃபுளோரிடாவில் அந்த அணியின் பயிற்சி முகாமுக்கு ரயிலேறினான், ஊர் பேண்டு வாசித்தது. பதினோராம் நாள் திரும்பி வந்தான், பேண்டு இல்லாமல். அங்கே அவன் வீசிய பந்து பாதி வழியிலேயே தரையில் குத்தியதாம். அவனிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எப்போதிருந்து வலிக்கிறது?

மடங்கிய முழங்கை பிறகு நிமிரவேயில்லை. சுரங்கம்கூட அவனை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினான்; கியரை மாற்ற இடது கையைக் குறுக்கே கொண்டுவருவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் பந்து உருண்டு வந்தால் காலால் தள்ளிவிடுவான். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவனும் கஸ்ஸும் வானிலை, போப்பாண்டவர், முட்டைக்கோசு விலை எல்லாம் பேசுவார்கள். அந்த ஆட்டத்தை மட்டும் தொடமாட்டார்கள்.

கரித்தூள் கஸ்ஸின் நுரையீரலை அடைத்து, மருத்துவமனையில் படுக்க வைத்த பிறகு ஒருநாள் சொன்னார்: "அவன்கிட்ட நீ கேளு. நான் அன்னிக்குப் பேசியிருந்தா நிறுத்தியிருப்பானா?"

மறுநாள் காலையில் ரொட்டி வண்டி வந்ததும் கேட்டேன். எமில் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு தடவையும் பெஞ்சுக்கு வந்ததும் அவர் மூஞ்சியத்தான் பாத்தேன், இர்மா. எவனாவது வாயத் திறந்தா போதும், முடியலைன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நானா சொன்னா பயந்துட்டேம்பாங்க."

"இதை நான் அவர்கிட்ட என்னன்னு சொல்ல?"

"உனக்கா சொல்லித் தரணும்?"

இரண்டு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனான்.

கஸ் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். மூக்கில் குழாய்.

"நீங்க கேட்டிருந்தா உங்க மேல காறித் துப்பிட்டு, போய் வீசியிருப்பானாம்," என்றேன். "கிழவனுக்கு இத்தனை வருஷம் கழிச்சு இதுதான் கவலையான்னு சிரிக்கிறான்."



"நீ இதைவிட நல்லாப் பொய் சொல்லுவியே, இர்மா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.