நான் கட்டிய ஈரச்சாக்கு

என் வீட்டுக்காரர் பீர் முகைதீனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

முன்பு லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் இடது கால் நசுங்கியது. கிளச் மிதிக்கிற கால். எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு எங்கெங்கோ அலைந்து, கிளச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி ஒன்றைப் பழையதாகப் பிடித்துவந்தார். அதில் கொக்கி மாட்டி, சாத்தூர் பக்கம் ரோட்டில் படுத்துவிடும் வண்டிகளை இழுத்துப்போவதுதான் இப்போது தொழில். வேறு வண்டி அவரால் ஓட்ட முடியாது. இது நின்றால் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர் வெயிலைக் கேட்க வேண்டுமா! லோடு இழுத்தால் கியர் ஆயில் கொதிக்கிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பானைக்குச் சுற்றுவதுபோல ஒரு சணல் சாக்கை நனைத்து, தினமும் காலையில் பிஸ்மி சொல்லி வண்டியின் முகப்பில் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு வருடம், ஒருநாள் தவறியதில்லை.

போன ஆடி வெள்ளியன்று இருக்கன்குடி கோயிலுக்குப் போனவர்களின் வேன் வழியில் நின்றுவிட, இழுத்துவரப் போனார். பாதி வழியில் இவர் வண்டியிலேயே சிவப்பு விளக்கு எரிந்து, கருகின வாடை வந்துவிட்டது. வண்டியை மெக்கானிக் சங்கிலிமுத்துவின் பட்டறையில் விட்டிருக்கிறார் என்று தகவல் தெரிந்ததும் அங்கே ஓடினேன்.

"ஆயில்ல இரும்புத்தூள் இருந்தா கியர்பாக்ஸ் முடிஞ்சது பாய்," என்றார் சங்கிலிமுத்து. "முன்னால காத்து போகாம எதையும் கட்டுனீகளா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "யா அல்லாஹ்! நாந்தான் தம்பி சாக்கு கட்டுனேன். அவுக பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே!"

"அதுனால இல்ல நசிமா," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. எப்பப் பாரு எனக்குப் பரிஞ்சே பேசுவீக!" என்று அவர்மேலேயே எரிந்துவிழுந்தேன்.

சங்கிலிமுத்து முகப்பைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னாலிருந்த கம்பெனி கூலரை எடுத்தார். கியர் ஆயில் அதற்குள் ஓடித்தான் காற்றில் ஆறுமாம். பார்த்தால் உள்ளங்கை அகலம்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புழுதி, செத்த தும்பிகள்.

"ரெண்டு வருசம் சாக்கோட ஓடியிருந்தா நார் அடைச்சிருக்கணும். ஒரு நார்கூட இல்லையே அக்கா. கூலர் சிறுசு. இழுக்கிற வேலைக்குத் தாங்கல, அம்புட்டுத்தான்."

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலை குனிந்துகொண்டார்.

"ஓடைப்பாலம் தாண்டுனதும் அவுத்துருவேன்," என்றார். "திரும்பி வாரப்ப நனைச்சுக் கட்டிக்கிடுவேன்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நான் படுத்துக்கெடந்தப்ப நீ சிரிச்சே பாக்கல. அந்தச் சாக்கைக் கட்டுறப்பத்தான் உன் மூஞ்சி தெளிஞ்சுச்சு. அதை எப்படிப் புள்ள வேணாம்னு சொல்ல?"

பட்டறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

சங்கிலிமுத்து ஆயிலை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். கறுத்திருந்தது, இரும்புத்தூள் இல்லை. கியர்பாக்ஸ் தப்பித்தது. பக்கத்திலேயே பட்டாசுக் குடோன் என்பதால் அங்கே வெல்டிங் வைக்க முடியாது. கையால் சுற்றும் டிரில்லில் துளை போட்டு, நட்டு முடுக்கி, பெரிய கூலரை மாட்டி, புது ஆயில் ஊற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கிளம்பாமல் நின்றார். கண் வெறும் முகப்பிலேயே இருந்தது. நான் அதே சாக்கை நனைத்து, அவருடைய தண்ணீர்க் கேனைச் சுற்றிக் கட்டி, சீட்டில் வைத்தேன்.

"இதையும் பாலம் தாண்டுனதும் அவுத்துருவீகளோ?"

சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்ததும் முதலில் கேனைத்தான் பார்த்தேன். தண்ணீர் காலி. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.