லோலாக்ஷியின் ஆடும் கியர்

லோலாக்ஷியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. புருஷன் இறந்ததும் அவன் காரை விற்கச் சொன்ன மைத்துனன்மார் முன்னால் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு நின்றவள். பதினோரு வருஷமாகச் சார்மாடி மலைப்பாதையில் டாக்ஸி ஓட்டுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊர்ப் பெரியவர் மோனப்பண்ணாவை டயாலிசிஸுக்குக் கீழே உஜிரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். அதே ஆஸ்பத்திரி கேன்டீனில் தோசை சுடும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

ஏழாம் வளைவில் தெய்வக்கல் இருக்கிறது. எந்த வண்டியும் அங்கே நின்று காசு போட்டுவிட்டுத்தான் நகரும். ஆடி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை மோனப்பண்ணாவுக்கு மூச்சு முட்டியது. "நிறுத்தாத மகளே, போ" என்றார். அவளும் நிறுத்தாமல் போனாள்.

அடுத்த செவ்வாயே கியர் தடி விழப்போகிற பல் மாதிரி ஆட ஆரம்பித்தது. இரண்டாம் கியர் ஒரே இழுப்பில் விழவில்லை. மூன்றில் போட்டேன் என்பாள், வண்டி எதிலும் இல்லாமல் வெறுமனே உறுமும். தடி நிற்கும் இடத்தைப் பார்த்து எந்தக் கியர் என்று சொல்லவே முடியவில்லை.

"மெக்கானிக்கிட்ட காட்டேண்டி" என்றேன்.

"தெய்வம் கோவத்துல இருக்கு. அவன் ஸ்பேனர வச்சு யாரச் சமாதானம் பண்ணுவான்? நீ போய் உன் தோசையத் திருப்பு."

தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினாள். எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நம்பினேன்.  மோனப்பண்ணா வண்டி உறுமும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. தெய்வக்கல்லில் நின்று இரண்டு காசு போட்டாள். அடுத்த வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தாள். உள்ளே 'டப்' என்றது. தடி அவள் கையில் துவண்டு தொங்கியது. எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி தன்பாட்டில் இறங்கியது. பிரேக்கை மிதித்தாள், மிதித்துக்கொண்டே இருந்தாள். மலை இறங்கிச் சூடேறிய பிரேக் பிடிக்கவில்லை, தீய்ந்த நாற்றம்தான் வந்தது. இடது பக்கம் பள்ளம். 

அப்போதுதான் முன்சீட்டில் இருந்த மோனப்பண்ணா தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?" என்று லோலாக்ஷி அலறினாள்.

"நிறுத்தாதன்னு சொன்னது நான். கோவம் என் மேலதான். நான் இறங்கிட்டா உங்க ரெண்டு பேரையும் விட்டுடும்."

ஒரு கால் வெளியே போய்விட்டது. நான் பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். லோலாக்ஷி கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, வண்டியை வலப்பக்க மண்சுவரில் உரசவிட்டாள். உரசி உரசி நின்றது.  

பின்னால் வந்த பஸ்ஸில் நான் அவரை ஏற்றிக் கூட்டிப் போனேன். மெக்கானிக் மலையேறி வந்து, தடியைக் கியர்பெட்டியோடு இணைக்கும் கேபிளை உருவிக் காட்டினானாம். உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து துருவேறி, கம்பி இழை இழையாக அறுந்திருந்தது.

"மூணு வாரமாவது கத்தியிருக்குமேக்கா. உங்க காதுல விழலையா?" என்றானாம். அவள் அந்தக் கேபிளை வாங்கிச் சுருட்டிக்கொண்டாளாம்.

மத்தியானம் அறுந்த கேபிளோடு டயாலிசிஸ் கட்டிலுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, இதுதான். கோவம் யார் மேலயும் இல்ல."

மோனப்பண்ணா அதைத் தடவிப் பார்த்தார். "மூணு வாரமா நான் தூங்கல மகளே. உங்க ரெண்டு பேரையும் கொல்லப்போறேன்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ காலர விட்டிருந்தா, இந்தக் கம்பிக்காகப் போயிருப்பேன்."

இப்போதும் லோலாக்ஷி தெய்வக்கல்லில் காசு போடுகிறாள். போட்டதும் தடியை ஆட்டி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்த பிறகே நகர்கிறாள். அந்த வளைவு தாண்டும்வரை நான் மோனப்பண்ணாவின் காலரை விடுவதில்லை.