பிசிக்ஸுக்காக ஊமையான வீடு

ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அதைப்போல ஒரு சுகமான வருஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை என்று சொன்னால் அம்மா இன்றைக்கும் முறைப்பாள்.

காரணம் அக்காவின் பிசிக்ஸ். ப்ளஸ் டூ முடித்து அவள் நீட் எழுதியபோது பயாலஜி கைகொடுத்தது, பிசிக்ஸ் காலை வாரிவிட்டது. எங்கள் சொந்தத்தில் டாக்டர் என்று ஒருத்தரும் கிடையாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படித்து மறுபடி எழுதட்டும், அதுதான் கடைசி என்று முடிவுகட்டினார். படிப்பதற்கு அவளுக்கு வேண்டியது அமைதி என்பதும் அவருடைய முடிவுதான்.

அன்றோடு டிவி அணைந்தது. அம்மா குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அடுப்பில் விசிலடிக்க விட்டு, சோறு வெந்ததும் திரும்பக் கொண்டுவந்தாள். தும்மல் வந்தால் அப்பா தெருவுக்கு ஓடினார். உப்புக்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒரு சைகை. ஃபேன் மட்டும் சுற்ற, எல்லோரும் மெல்ல மெல்ல நடமாடுவதைப் பார்த்தால் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தமாதிரி இருக்கும். எனக்கு அப்படியே கண் சொருகும். நான் வாயைத் திறந்தால்தான் வம்பு.

“கத்தாதடி, அக்கா படிச்சிக்கினு கீறா இல்ல?” என்று அப்பா கிசுகிசுப்பாகவே அதட்டுவார்.

சாயங்காலம் மட்டும் அக்காவுக்கு வெளியே போக அனுமதி. மூளைக்குக் காற்று வேண்டுமாம். துணைக்கு நான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து அவள் பிசிக்ஸ் புத்தகத்தை விரித்தாள். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னாடி, ஊமை மாரி குந்திக்கினு கீற? பேசு.”

“இன்னா பேசறது?”

“எதுனா பேசு. நிறுத்தாம பேசு.”

கேட்க வேண்டுமா? ஸ்கூல் வேனில் யார் வாந்தி எடுத்தது, மிஸ்ஸின் செருப்பு எப்படி அறுந்தது, பல்லிக்குக் காது உண்டா இல்லையா என்று அவிழ்த்துவிட்டேன். அதன்பிறகு தினமும் அதே கச்சேரிதான். ஏரி ஆரஞ்சு நிறமாகி, பிறகு சாம்பலாகும். அக்கரை அடுக்குமாடி விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். மூச்சு வாங்க நான் நிறுத்தினால் அவள் பென்சிலும் நின்றுவிடும். என் கதைகள் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டன என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கிளம்பும்போது, “ஊட்டுக்குப் போனாலே ஒரே சத்தம்டி” என்றாள். எங்கள் வீட்டிலா? தட்டைக்கூடத் துணி விரித்து அதன்மேல் வைக்கிற வீட்டிலா சத்தம்! ஐயோ பாவம், படித்துப் படித்து இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். வீடு வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா அக்காவின் செல்லை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிசிக்ஸில் முன்னைவிட நல்ல மார்க்தான். மெடிக்கல் சீட்டுக்கு அது போதவில்லை. அவர் எழுந்து போய் டிவியைப் போட்டு, சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். அம்மா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

எனக்கோ கொண்டாட்டம். ஓடிப்போய் அக்கா மடியில் தொப்பென்று விழுந்தேன்.

“அக்கா, டாக்டர் ஆயிட்டியா?”

“இல்லடி. பி.எஸ்சி. சேரப் போறேன். இனிமே நீ எவ்ளோ வேணா கத்தலாம். சந்தோஷமா?”

“ரொம்ப சந்தோஷம்க்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், விடவே இல்லை. அவளுக்கும் என்னைப்போலவே சந்தோஷம் தாங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.