புளி உலுக்கும் மாதத்தில் வந்த அதிகாரி

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையிலிருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு, படிப்பில் பின்தங்கிய மலைப்பிள்ளைகளுக்காக அரசு தனியாகப் பணம் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் ஒரு டீச்சர் வந்தார். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறிய என் மகள் பச்சையம்மா, அவரிடம்தான் முதன்முதலாக ஒரு வரியைத் தானாகப் படித்தாள்.

மாசி மாதம் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அது புளி உலுக்கும் காலம். என் மகள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் பெற்றோருடன் மரத்தடியில் கிடந்தார்கள். வகுப்பு காலியாக இருந்தால் பணம் நின்றுவிடும் என்று பயந்தேன். ஊரில் பத்தாவது படித்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் இருந்தது. எங்களிடம் புளி வாங்கும், மலைக்குக் கீழே ஆலங்காயம் டவுனிலிருந்த வியாபாரியிடம் கெஞ்சி, அவர் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிவந்து வகுப்பில் உட்கார வைத்தேன்.

"வேணாங்க அண்ணா, நெசத்தச் சொல்லிடலாம்" என்றார் டீச்சர்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்."

பிள்ளைகள் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினார்கள். அதிகாரி சிரித்தார்.

"இன்னாய்யா, டவுன் புள்ளைங்க கணக்கா படிக்குதுங்க! இதுங்களுக்கு எதுக்குத் தனி டீச்சரு?"

அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே பணம் நின்றது. டீச்சர் மலையிறங்கிவிட்டார். புளி வேலை முடிந்து பள்ளிக்குப் போன பச்சையம்மா, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"டீச்சரு எப்பப்பா வருவாங்க?"

"வருவாங்கம்மா" என்றேன்.

மறு வருஷம் அவள் பள்ளிக்கே போகவில்லை. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. புருஷன் வேலைக்குப் போன ஊரிலிருந்து போடும் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் படித்துக் காட்டுகிறேன். அன்று நடந்ததை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.