கடைசி ஆளுக்குப் பின்னால்

சைக்கிள் பயணத்தில் முன்னால் பறக்கிறவனுக்குத்தான் கைதட்டல். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் மிதித்து வருவார். அவருக்கு ஒரே சட்டம்தான். கூட்டத்தில் யார் ரொம்ப மெதுவோ, அவருக்குப் பின்னாலேயே வர வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். என்ன ஆனாலும் முந்தக் கூடாது.

சைக்கிள் கடை வைத்திருப்பவர், ரிப்பேர் தெரிந்தவர், அதிகம் பேசாதவர் என்று இந்த வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் அவரே. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் வாலண்ணன்.

பயணத்தின் கடைசி நாள். வாலண்ணனுக்கு உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் கணக்குக் கேட்டது. எதிரே மருந்துக்கடைக்காரரின் அகலமான முதுகு. வந்த வழியெல்லாம் மரம் மட்டை எதையும் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை, இந்த முதுகைத்தான் பார்த்தார்.

மத்தியானமே வீட்டுக்காரி போன் பண்ணிவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வந்து சேருவதைப் பார்க்கலாம் என்று பயணம் முடிகிற மைதானத்துக்கு வந்திருக்கிறாள். அதற்கு அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"எல்லாரும் வந்து மாலையும் போட்டுக்கிட்டாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"அஞ்சு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் இல்ல. காலையில தையல் கம்பெனிக்குப் போகணும். அதுக்குள்ள வந்தா பாக்கறேன். இல்லன்னா இந்த ஜென்மத்துல கூப்பிடாதீங்க."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். மருந்துக்கடைக்காரரின் செயின் அறுந்து தரையில் விழுந்தது. பயணத்தோடு கூடவே வரும் சாமான் வேன் பக்கத்தில் வந்து நின்றது. கிளம்பிய நாளிலிருந்தே மருந்துக்கடைக்காரர் எப்போது ஏறுவார் என்று கொக்கு மாதிரி காத்திருந்தவர் வேன் டிரைவர்.

"தூக்கிப் போடுங்கண்ணே. நீங்களும் காத்து மாதிரி போய்ச் சேரலாம். அண்ணி வேற வந்திருக்காங்களாமே."

மருந்துக்கடைக்காரர் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை ஒரு தடவைகூட வேனில் ஏறாதவர். அவருக்குச் சைக்கிளில் மணி அடிப்பதைத் தவிர எதுவும் தெரியாது.

"அவ்வளவுதானா அண்ணே? இனிமே ஆகாதா?"

ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் நம்பிவிடுவார், டிரைவரும் வாயைத் திறக்க மாட்டார். அந்த வார்த்தை வாலண்ணனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செயினைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு கண்ணிதான் போயிருந்தது. அறுந்ததைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் கோர்த்தால் ஓடும். அதைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

"ஆகும். கொஞ்சம் சும்மா உக்காருங்க," என்றார் எரிச்சலாக.

கிரீஸ் ஒட்டிய கையில் கண்ணி வழுக்கியது. இரண்டு தடவை கீழே விழுந்து மண்ணில் தேட வேண்டியிருந்தது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மைதானம் இருக்கும் ஊருக்கு முன்னால் பெரிய பாலம். பாதி ஏற்றத்தில் மருந்துக்கடைக்காரரின் சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது.

"என்னால முடியலண்ணே. நீங்க போங்க. அண்ணி காத்திருப்பாங்க."

"பேசாம மிதிங்க. பேசினா மூச்சுதான் வீணாப்போகும்."

வாலண்ணன் கிட்டே போய், ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அந்த முதுகில் வைத்துத் தள்ளினார். எதிரே லாரியும் பஸ்ஸும் உறுமிக்கொண்டு போயின. யாரோ கத்தினார்கள். அவர் முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மைதானத்தில் வரவேற்பு வளைவைப் பிரித்துச் சுருட்டிவிட்டிருந்தார்கள். நாற்காலிகளெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. மருந்துக்கடைக்காரர் வெறும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புல்லில் விழுந்து, சத்தமில்லாமல் அழுதார். வாலண்ணனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"போயிட்டியா?"

"பஸ்ஸுலதான் இருக்கேன்."

"சரி. என்னால வர முடியல."

பஸ் இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

"பாலத்து மேல ஒருத்தரத் தள்ளிக்கிட்டு வந்தீங்களே, ஜன்னல் வழியா பாத்தேன். கூப்பிட்டேன், நீங்க திரும்பல."

"திரும்பியிருந்தா அவரு விழுந்திருப்பாரு."

"அவரு வந்து சேந்துட்டாரா?"

"சேந்துட்டாரு. படுத்திருக்காரு."

"குடிக்கத் தண்ணி குடுங்க," என்றாள். "உங்க மூஞ்சியும் பாக்க சகிக்கல. நீங்களும் குடிங்க."

வாலண்ணன் சரி என்றார். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.